ஞாயிற்றுக்கிழமைக் கல்

சுடலைக்கண்ணன் வாக்குக் கொடுத்திருந்தார். இன்றைக்கும் அம்புமுனை கிடைக்காவிட்டால், இரண்டு வருடமாகச் சேர்த்த முப்பத்தேழு கற்களையும் கடற்கழியில் கொட்டிவிட்டு, இனி ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டோடு இருப்பதாக. மனிதர் பேச்சு மாறிவிடுவார் என்று, மும்பையில் மான்குர்த்துக்கு அப்பால் இருக்கும் அந்தச் சேற்றுக்கரைக்கு அவர் மனைவி பேராச்சியும் கூடவே வந்துவிட்டாள்.

அவளுக்கு வாரத்தில் ஆறு நாள் தாராவியில் தோல் பட்டறை வேலை. மணிபர்சுக்கு வெட்டிய தோலின் ஓரத்தைச் சீவி மெலிதாக்க வேண்டும். அப்போதுதான் பசை பிடிக்கும், மடித்து ஒட்டினால் புடைக்காது. ஏழாவது நாள் புருஷனோடு உட்கார்ந்து கறிச்சோறு தின்னலாம் என்றால், அந்த மகராசன் கழியில் தண்ணீர் வடியும் நேரம் பார்த்து ரயிலேறிவிடுவார். திரும்பும்போது முழங்கால் வரை சேறு. அந்த பேண்ட்டைத் துவைப்பது யார்?

எல்லாம் வாஷியில் ஒரு காலேஜ் கண்காட்சிக்கு மின்விசிறி மாட்டப் போன இடத்தில் பிடித்த கிறுக்கு. பல ஆயிரம் வருடத்துக்கு முன்னால் இந்தக் கரையோரம் கல் அம்பு வைத்து வேட்டையாடியிருக்கலாம் என்று அங்கே பாடம் எடுக்கும் சாயிரா டீச்சர் சொல்ல, இவர் ஏணியிலேயே வாயைப் பிளந்து நின்றாராம். அம்புமுனை ரொம்பச் சின்னதாக இருக்கும் என்றும் டீச்சர் சொல்லித்தான் இருக்கிறார். இவர் மனசில் நின்றது முருகன் கை வேல். அந்த வடிவில் எந்தக் கல் கிடந்தாலும் தூக்கிக்கொண்டு போவார். டீச்சரும் முகம் கோணாமல் பார்த்துவிட்டு, இது தானாக உடைந்தது என்று இந்தியில் சொல்லித் திருப்பிக் கொடுப்பார்.

மதியம் ஆகிவிட்டது. பாலிதீனும் பாட்டில் சில்லும் கலந்த சேற்றைக் கிளறிக் கிளறி அவருக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. எதையோ எடுத்துப் பார்த்து, "சீ, நகத்துண்டு கணக்கா இருக்கு" என்று பின்னால் வீசினார். அது பேராச்சி காலடியில் விழுந்தது.

சிவப்பாக மினுங்கியதால்தான் எடுத்தாள். பாட்டில் தண்ணீரில் கழுவினாள். பிறைபோல் வளைந்த குட்டிக் கல். வளைந்த பக்கத்தைக் கட்டைவிரலால் தடவியவள் அப்படியே நின்றுவிட்டாள். பொடிப்பொடியாகக் கொத்தல். ஒன்றுக்கொன்று ஒரே இடைவெளி, எல்லாம் ஒரே பக்கமாக. இருபது வருடமாகத் தோலின் ஓரம் சீவுகிற விரலுக்கு அது தெரியாதா? இது ஒட்டுவதற்காகச் சீவிய ஓரம்! யாரோ உட்கார்ந்து, பொறுமையாக, குச்சியில் பதித்தால் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று செய்த வேலை.

நேராக இருந்த மறுபக்கத்தைத் தன் செருப்பு வாரில் வைத்து இழுத்தாள். பட்டறைத் தோலில் தைத்த கனத்த வார். ஒரே இழுப்பில் அறுந்து விழுந்தது.

"அம்மாடி!"

உடம்பெல்லாம் புல்லரித்தது. எத்தனை ஆயிரம் வருடம்! பசித்த பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதைக் கொத்தியது ஆணோ பெண்ணோ, அந்தக் கட்டைவிரல் இருந்த இடத்தில்தான் இப்போது அவளுடையது இருந்தது. வாஷிப் பாலத்தில் ரயில் ஒன்று தடதடத்துப் போனது. அவளுக்கு அது கேட்கவே இல்லை.

நிமிர்ந்தபோது, சுடலைக்கண்ணன் தண்ணீர் ஓரத்தில் கல் சேர்த்து வைத்த டப்பாவைத் திறந்துகொண்டிருந்தார்.

"வாக்குன்னா வாக்குதான் பேராச்சி. கொட்டிருதேன்" என்றார். முகம் செத்துப்போயிருந்தது.

அவள் கையை விரித்தால் போதும். கல் சேற்றோடு போய்விடும், ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் அவளுக்கு. இரண்டு வருடமாக அவள் கேட்டது அதைத்தானே? ஆனால் இந்த வேலையைச் செய்தவருக்கு இத்தனை காலம் கழித்துக் கிடைத்த ஒரே சாட்சி அவள். அவளும் மறைத்துவிட்டால் செய்தவர் செய்யாதவராகிவிடுவார். அது அவளால் முடியவில்லை.

"ஏங்க, அதக் கொட்டுங்க. இத வச்சுக்கிடுங்க" என்றாள்.

போட்டோ அனுப்பிய இரண்டாவது நிமிடம் சாயிரா டீச்சரே கூப்பிட்டார். அம்பில் பதிக்கிற கல்லேதான், எடுத்த இடத்தில் ஏதாவது ஊன்றி வையுங்கள், வேறெதையும் தொடாதீர்கள், நான் கிளம்பி வருகிறேன் என்றார். சுடலைக்கண்ணன் குடையைச் சேற்றில் ஊன்றினார்.

"இதே மாதிரி எத்தனையத் தூக்கி வீசியிருப்பேன் தெரியுமாட்டி!" என்று தலையில் அடித்துக்கொண்டார். "ரெண்டு வருசமா!"

பேராச்சி அறுந்த செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, அந்தக் கரையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தாள். எதை மிதித்துவிடுவோமோ என்று அடுத்த அடி எடுத்து வைக்கவே கூசியது.

"அடுத்த ஞாயித்துக்கிழம" என்றாள், "தண்ணி எத்தன மணிக்கு வடியும்?"