சர்க்கரையில் பதிந்த முடிச்சு

சின்னவள் வீட்டுக் கூடத்தில் ஒரு கண்ணாடி அலமாரி இருந்தது. பெரியவளின் வயிற்றெரிச்சல் எங்கே குடியிருக்கிறது என்று யாராவது கேட்டால் அந்த அலமாரியைத்தான் கைகாட்ட வேண்டும்.

பெரியவளும் சின்னவளும் ஓரகத்திகள். அண்ணனைக் கட்டிக்கொண்டவள் பெரியவள், தம்பியைக் கட்டிக்கொண்டவள் சின்னவள். பெரியவளுக்குத் தொழில் கேக் அலங்காரம். சின்னவளுக்கு லேஸ் பின்னுவது. மாமியார் இருந்தது சின்னவள் வீட்டில். சின்னவள் பின்னியதில் நன்றாக வந்ததையெல்லாம் விற்க விடாமல் பிடுங்கி, சட்டம் போட்டு, அந்த அலமாரியில் அடுக்கி வைத்திருந்தவரும் அவர்தான்.

ஞாயிற்றுக்கிழமையானால் குடும்பம் மொத்தமும் அங்கே கூடும். பெரியவள் வெறுங்கையோடு போனதே கிடையாது. முதுகு ஒடிய நின்று, பூவும் கொடியுமாக ஐசிங் பிழிந்து, காரில் மடியில் வைத்துக்கொண்டு, வேகத்தடை வரும்போதெல்லாம் புருஷனைத் திட்டிக்கொண்டே ஒரு கேக்கைக் கொண்டுபோய் இறக்குவாள். எல்லாரும் "அடடா!" என்பார்கள். போனை எடுத்துப் படம் பிடிப்பார்கள். படத்தில் அவர்கள் முகம் இருக்கும், பல் இருக்கும்; கேக் மட்டும் கீழே பாதி வெட்டுப்பட்டுக் கிடக்கும். அப்புறம் கத்தி வரும். கொஞ்ச நேரத்தில் தட்டில் தூள்தான் மிஞ்சும். உதட்டைத் துடைத்த கையோடு மாமியார் வந்தவர்களை அலமாரிப் பக்கம் ஓட்டிக்கொண்டு போவார்.

"சின்னவ கைவேலை. பாருங்க, எத்தனை வருஷமானாலும் அப்படியே இருக்கும்."

அந்த 'அப்படியே இருக்கும்' பெரியவளுக்குச் சுருக்கென்று தைக்கும். அவள் செய்தது எதுவும் அப்படியே இருந்ததில்லை. இருந்தால் கேக் வாயில் வைக்க விளங்கவில்லை என்று அர்த்தம். எப்படிப் போனாலும் அடி வாங்குகிற தொழிலை அவளாகத்தான் தேடிப் பிடித்தாள், யாரைக் குறை சொல்வது?

பொறாமை என்று சொன்னால் அவளுக்குக் கோபம் வரும். மரியாதைக்காக நாமும் வேறு சொல் தேடிப் பார்த்தோம், அகப்படவில்லை.

சின்னவள் கொஞ்சம் திமிர் பிடித்தவளாக இருந்திருந்தால் நிம்மதியாக வெறுத்துவிட்டுப் போயிருக்கலாம். அதற்கும் வழியில்லை. "அக்கா, அக்கா" என்று காலைச் சுற்றி வருவாள். கேக்கைத் திறந்ததும் மற்றவர்கள் கத்தியைத் தேடுவார்கள். அவள் மட்டும் குனிந்து, மூக்கு ஐசிங்கில் படுகிற அளவுக்குக் கிட்டப் போய்ப் பார்த்துக்கொண்டே இருப்பாள். 'குறை தேடுறா பாரு' என்று பெரியவள் பல்லைக் கடிப்பாள்.

மாமியாரின் எழுபதாவது பிறந்தநாள் வந்தது. அதற்கு முந்தின வாரம் சின்னவள் ஒரு பொட்டலத்தோடு பெரியவள் வீட்டுக்கு வந்து நின்றாள்.

"அக்கா, இத உங்க பீரோல ஒளிச்சு வைங்க. அத்தைக்கு நான் குடுக்கப் போற பரிசு. எங்க வீட்ல அவங்க கண்ணுல படாம ஒரு ஊசியக்கூட வைக்க முடியாது. உங்களுக்குத்தான் தெரியுமே."

மெல்லிய தாளைப் பிரித்தாள். உள்ளே சதுரமாக ஒரு சின்ன லேஸ் விரிப்பு. இரண்டு உள்ளங்கையையும் சேர்த்து நீட்டினால் அதில் அடங்கிவிடும். நூல் சுற்றிய மரக்குச்சிகளைத் தலையணை மேல் மாற்றி மாற்றிப் போட்டு, குண்டூசிக்குக் குண்டூசி நகர்ந்து பின்னியது. ஓரம் நெடுகச் சின்னச் சின்ன வளைவுகள், மூலைக்கு மூலை ஒரு சுழி. பெரியவளுக்கு "அழகா இருக்கு" என்று வாய்வரை வந்தது. வந்ததை விழுங்கிக்கொண்டாள்.

"ஒரே ஒரு குறைக்கா. மூணாவது மூலைல நூல் தீர்ந்து ஒட்டுப் போட்டேன். முடிச்சு வெளிய தள்ளாம உள்ளயே விழுந்துடுச்சு. பிரிச்சா மூலையே போயிடும்னு விட்டுட்டேன். தெரியுதா?"

சின்னவள் விரல் வைத்துக் காட்டினாள். கடுகில் பாதி இராது.

"உத்துப் பார்த்தா தெரியத்தான் செய்யுது," என்றாள் பெரியவள். அந்த முடிச்சு அவள் வயிற்றில் பால் வார்த்தது.

லேஸை பீரோவில் வைத்துப் பூட்டினாள். பூட்டி என்ன, மனசும் உள்ளேயே மாட்டிக்கொண்டது. ஐசிங் அடிக்கும்போதும் அதே நினைப்பு, பாத்திரம் கழுவும்போதும் அதே நினைப்பு. இதுவும் அலமாரிக்குத்தான் போகும். பிறந்தநாள் கேக் வழக்கம்போல இவள் பொறுப்பு. அது வழக்கம்போல வயிற்றுக்குப் போகும். இந்தத் தடவை விடுவதாக இல்லை. கேக் போனால் போகிறது, அதன் மேலே ஒரு சர்க்கரைப் பலகை செய்து வைப்பது என்று முடிவு கட்டினாள். பிசின் சேர்த்துப் பிசைந்த சர்க்கரை மாவு காய்ந்தால் ஓடு மாதிரி இறுகிவிடும். ஈரம் படாமல் பார்த்துக்கொண்டால் வருஷக்கணக்கில் கெடாது. அப்படியே இருக்கும். அதை அலமாரியில் வைக்காமல் மாமியார் எங்கே தப்பிப் போவார்?

ஆனால் பலகையில் என்ன போடுவது? கொடி பிழிந்து பார்த்தாள், அவளுக்கே சகிக்கவில்லை. ரோஜா வைத்துப் பார்த்தாள், பல்லை இளித்தது. எதைப் போட்டாலும் பீரோவுக்குள் இருந்து அந்த வெள்ளைச் சதுரம் அவளைப் பார்த்து 'அவ்வளவுதானா?' என்று கேட்டது. மூன்றாவது மாவையும் கசக்கிப் போட்டவள், பீரோச் சாவியை எடுத்தாள்.

காய்வதற்கு முன்னால் மாவின் மேல் லேஸை விரித்து உருட்டுக்கட்டையால் ஒரு அழுத்து அழுத்தினால், இழைக்கு இழை பதிந்துவிடும். கேக் செய்கிறவர்கள் எல்லாரும் செய்கிற வேலைதான், கடையில் வாங்கின லேஸை வைத்து. ஒளித்து வைக்கச் சொல்லி நம்பிக் கொடுத்த லேஸை வைத்து யாரும் செய்வதில்லை. பெரியவள் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். ஒட்டாமல் இருக்கச் சோளமாவு தூவினாள். விரித்தாள். அழுத்தினாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு நுனியிலிருந்து மெல்ல உரித்தாள்.

பதிந்திருந்ததைப் பார்த்ததும் அவள் முகத்தில் ஈயாடவில்லை.

நூலில் பார்த்தபோது தெரியாதது சர்க்கரையில் பார்த்தபோது பளிச்சென்று தெரிந்தது. கேக்கின் ஓரத்தில் வளைவு வளைவாகப் பிழிந்து வருகிறவர்கள், மூலை வந்ததும் கோட்டை முடித்துவிட்டுப் புதிதாய்த் தொடங்குவார்கள். பெரியவள் இடதுகைக்காரி. அவளுக்கு அப்படி நிறுத்த வராது. கையை எடுக்காமல் உள்பக்கமாக ஒரு சுழி போட்டுத் திரும்பிவிடுவாள். கற்றுக்கொண்ட காலத்தில் அதற்காகத் திட்டு வாங்கியவள். உலகத்தில் வேறு எவளும் அப்படித் திரும்பி அவள் பார்த்ததில்லை. அந்தச் சுழி, அவளுடைய சுழி, நாலு மூலையிலும் உட்கார்ந்திருந்தது.

"அடிப்பாவி!" என்றாள் வாய்விட்டு. "குனிஞ்சு குனிஞ்சு பார்த்தது இதுக்குத்தானா?"

திருட வந்த இடத்தில் தன் வீட்டுச் சாமானையே பார்த்தவள் நிலை. உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை நாள் அந்த அலமாரியில் வைத்து ஊரெல்லாம் மெச்சிக்கொண்டது யார் கையை? போய்ச் சட்டையைப் பிடித்துக் கேட்கலாம். சாட்சிக்குத்தான் ஒரு கேக்கும் உயிரோடு இல்லை. சரி, என் சுழியை நான் எடுத்துக்கொண்டால் அது எப்படித் திருட்டாகும் என்று தனக்குத்தானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு, லேஸை உதறி மடித்து உள்ளே வைத்தாள். பலகையைக் காற்றாடக் காய வைத்தாள். அந்தக் கொதிப்பில் முடிச்சு அவள் ஞாபகத்திலேயே இல்லை.

பிறந்தநாளன்று கூடம் நிரம்பி வழிந்தது. முதலில் பரிசு. அக்கா வீட்டு பீரோவில் ஒளித்து வைத்திருந்ததாகச் சொல்லிக்கொண்டே சின்னவள் நீட்டினாள். மாமியார் லேஸைக் கையில் வாங்கினார், கண்ணுக்கு நேரே தூக்கிப் பார்த்தார், அப்புறம் மூக்கருகே கொண்டுபோனார்.

"என்னடி இது, வெனிலா வாசனை அடிக்குது?"

சர்க்கரை மாவில் விட்ட வெனிலா! பெரியவள் கேக் பெட்டியைச் சரிசெய்கிற சாக்கில் திரும்பிக்கொண்டாள். நல்ல வேளையாக நாத்தனார் வாயைத் திறந்தாள். அண்ணன்கள் இருவருக்கும் இளையவள், அவள் இருக்கிற இடத்தில் யாரும் பதில் தேட வேண்டியதில்லை.

"பெரிய அண்ணி வீட்டு பீரோல இருந்ததும்மா. அங்க அண்ணன் சட்டையே வெனிலாவாத்தான் மணக்கும்!"

எல்லாரும் சிரித்தார்கள். எல்லாரையும் விடச் சத்தமாகப் பெரியவள் சிரித்தாள். சிரித்த சூட்டோடு கேக்கின் மேல்மூடியை எடுத்தாள்.

கத்தியைத் தேடிப் போனவர்கள்கூடத் திரும்பி வந்து எட்டிப் பார்த்தார்கள். அவளே எதிர்பார்க்கவில்லை. வெள்ளைக் கேக்கின் மேல், சட்டம் போட்டது போல அந்தச் சர்க்கரைப் பலகை.

"ஐயோ, இது சின்ன அண்ணியோட லேஸேதான்!" என்று கத்தினாள் நாத்தனார். "பெரிய அண்ணி அப்படியே காப்பி அடிச்சுட்டாங்க!"

'யாருடி காப்பி அடிச்சது?' என்று கேட்கப் பெரியவளுக்கு நாக்கு துடித்தது. அதற்குள் சின்னவள் வழக்கம்போலக் குனிந்துவிட்டாள். அவள் கண் ஓரத்தோடு ஓரமாகப் போனது. முதல் மூலை, இரண்டாவது மூலை. மூன்றாவதில் நின்றது. நின்றது நின்றதுதான்.

அப்போதுதான் பெரியவளுக்கு முடிச்சு நினைவு வந்தது. சுழிக்குப் பக்கத்தில், கடுகில் பாதிகூட இல்லாத ஒரு குழி. பார்த்து வரைந்த கை வளைவை வரையும், சுழியை வரையும், முடிச்சையுமா வரையும்? சின்னவள் நிமிர்ந்து இவளைப் பார்த்தாள். கையும் களவுமாகப் பிடிபடுவது எப்படி இருக்கும் என்று பெரியவள் அந்த வயதில் தெரிந்துகொண்டாள்.

"காப்பி அடிச்சது அக்கா இல்ல, நான்தான்," என்றாள் சின்னவள். "இந்த மூலைச் சுழி அக்காவோடது. அக்காவுக்கு மட்டும்தான் கை அப்படித் திரும்பும். ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் நீங்க வெட்டுறதுக்குள்ள பார்த்துப் பார்த்து மனசுல ஏத்திக்குவேன். அக்கா ஒரு அழுத்துல போட்டுட்டுப் போறத நூல்ல கொண்டுவர நான் எத்தனை தடவை பிரிச்சிருப்பேன்!"

பெரியவள் கேட்க ஏங்கிய வார்த்தைகள் எல்லாம் அதில் இருந்தன. சொன்னது மட்டும் தப்பான வாய்.

"கேட்டீங்களா?" என்றார் மாமியார், கண் கலங்க. "யார் இப்படி வெளிப்படையா சொல்லுவா? சின்னவளுக்கு எவ்வளவு பெரிய மனசு!"

கூடமே தலையாட்டியது. சுழி இவளுடையது, மெச்சிக்கொள்வது அவளை! கேட்ட பெரியவளுக்குக் காதில் புகை வராத குறை.

மாமியார் அதோடு விடவில்லை. "பெரியவளே, அந்தச் சர்க்கரைய யாரும் தொடக் கூடாது சொல்லிட்டேன். பத்திரமா எடு. அலமாரில இந்த லேஸுக்குப் பக்கத்துலயே வைக்கப் போறேன். ரெண்டு மருமக கையும் ஒண்ணா இருக்கட்டும்."

இதைக் கேட்கத்தானே இத்தனை பாடு? பெரியவள் பலகையைத் தூக்கினாள். அலமாரியைப் பார்த்தாள். லேஸும் சர்க்கரையும் பக்கம் பக்கமாக நிற்கும். முடிச்சுக்குப் பக்கத்தில் முடிச்சு. வருகிறவர்களை எல்லாம் மாமியார் கிட்டக் கொண்டுபோய் நிறுத்தி 'உத்துப் பாருங்க' என்பார். சின்னவள் ஒன்றும் சொல்ல மாட்டாள். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஒன்றும் சொல்லாமலே இருப்பாள். மாட்டிக்கொள்வோமே என்ற பயம் ஒரு பங்கு என்றால், அவள் போட்ட பிச்சையில் அலமாரி ஏறுவதா என்ற எரிச்சல் மூன்று பங்கு.

"சர்க்கரை திங்கறதுக்குத்தான் அத்தை," என்றாள் பெரியவள்.

மேசை விளிம்பில் ஒரே தட்டு. பலகை படாரென்று உடைந்தது.

"ஐயையோ! உனக்கென்னடி பைத்தியமா?" என்று மாமியார் நெஞ்சில் கை வைத்தார். பெரியவள் யாரையும் பார்க்காமல், கையில் வந்த துண்டுகளை ஆளுக்கொன்றாகக் கொடுத்துக்கொண்டே போனாள். ஒரு துண்டை மட்டும் தேடி எடுத்துக் கடைசியில் நீட்டினாள்.

"இந்தா. இது உனக்கு."

மூன்றாவது மூலை. சின்னவள் வாங்கினாள், திருப்பிப் பார்த்தாள், முழுசாக வாயில் போட்டுக்கொண்டாள். கன்னம் உப்பிக்கொண்டது. தட்டை எடுக்கிற சாக்கில் இவளை ஒட்டி வந்து நின்றாள்.

"முடிச்சு நல்லாப் பதிஞ்சிருக்குக்கா," என்றாள் மெதுவாக.

"வாய மூடிட்டு மெல்லுடி."

மாமியார் முணுமுணுத்துக்கொண்டே லேஸைக் கொண்டுபோய் அலமாரியில் வைத்தார். "உனக்குன்னு இடம் ஒதுக்கினேன் பாரு, என்னைச் சொல்லணும்," என்று கதவைச் சாத்தினார். லேஸுக்குப் பக்கத்தில் ஒரு கை அகலத்துக்கு இடம் காலியாகக் கிடந்தது. பெரியவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பக்கத்தில் சின்னவள், அவ்வளவு கெட்டியான சர்க்கரையை, முகம் சுளிக்காமல், ஒரு துணுக்கு மிச்சம் வைக்காமல், கடைசிவரை மென்று விழுங்கினாள்.

அதைக்கூட அவள் நன்றாகத்தான் செய்தாள்.