கீழே வைத்த கோப்பை

துக்கம் கேட்க வந்த பெண்களுக்குக் காப்பி ஊற்றிக்கொண்டிருந்த விதாத், வாசலில் நின்றவளைப் பார்த்ததும் கோபத்தில் பற்றி எரிந்தாள். பிரசவ அறைக் கதவைத் தன் மூஞ்சியில் சாத்திய அதே நர்சிங் மாணவி! சொந்தக்காரர்களுக்கு உள்ளே அனுமதியில்லை, கூட இருக்கத்தான் எங்களுக்குப் பயிற்சி என்று ஒப்பித்துவிட்டுப் போனவள். இடுப்பைத் தேய்த்துவிட, மூச்சுவிடச் சொல்லித்தர, கையைப் பிடித்துக்கொள்ள ஒரு படிப்பாம். கூடப் பிறந்தவள் கையைப் பிடிக்க விதாத்துக்கு எவள் பாடம் எடுக்க வேண்டும்?

குழந்தை பிழைத்தது. ரத்தம் நிற்காமல் தங்கை மைஸா போய்விட்டாள். தன்னந்தனியாகப் பயந்துகொண்டே போனாளா என்பதுதான் விதாத்தை அரித்தது. அதை இவளிடம் கேட்பதற்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம்.

ரவான் என்று பெயர் சொன்னவளுக்கு யாரும் நகர்ந்து இடம் தரவில்லை. "ஆளை முடிச்சிட்டு துக்கம் கேக்க வந்துட்டா" என்று பெரியம்மா அவள் காதுபடவே சொன்னாள். விதாத் கசப்புக் காப்பியைச் சிந்தச் சிந்த ஊற்றி நீட்டினாள். அவள் வலது கையில் வாங்கிக்கொண்டாள். ரவான் ஒரு வாய்கூடக் குடிக்காமல் கோப்பையைக் கீழே வைத்தாள்.

எல்லோர் கண்ணும் கோப்பைக்குப் போனது. கரக் ஊர் வழக்கப்படி, காப்பியைக் குடிக்காமல் வைத்தால் ஏதோ கேட்க வந்திருக்கிறார் என்று அர்த்தம். எதிரியே ஆனாலும் வீட்டுக்காரர் என்னவென்று விசாரித்தாக வேண்டும். தலைநகர் அம்மானில் வளர்ந்த பெண்ணுக்கு அது எங்கே தெரியப்போகிறது! கேள் என்று பெரியம்மா கண்ணைக் காட்டினாள்.

"என்ன வேணும் உனக்கு?" விதாத் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள்.

"ஒண்ணும் வேணாம்க்கா. கை வலிக்குது, அதான் வெச்சேன்." ரவான் தலையைக் குனிந்துகொண்டாள். "விதாத் நீங்கதானே? உங்க தங்கச்சி என்னை அந்தப் பேர் சொல்லித்தான் கூப்பிட்டாங்க. நான் யாருன்னு சொல்லணும்னுதான் எங்களுக்குச் சொல்லிக்குடுத்திருக்காங்க. நான் சொல்லல. 'இங்கதான்டி இருக்கேன்'னு சொல்லிட்டேன். கடைசி வரைக்கும்."

"என் பேருக்கு நீ பதில் சொன்னியா?"

"ஆமா."

அறைந்துவிடலாம் போலிருந்தது. வலிக்கிறது என்ற அந்தக் கையை விதாத் பிடித்து வெடுக்கென்று இழுத்தாள். சட்டைக்கை மேலேறியது. மணிக்கட்டைச் சுற்றி நகம் பதிந்த தடங்கள் கன்றிக் கறுத்திருந்தன. மைஸாவுக்கு நகம் வெட்டவே பிடிக்காது. விதாத்துக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

ஒற்றைக் கையாலேயே ஆறிப்போன காப்பியைக் கொட்டிவிட்டுச் சூடாக ஊற்றி, அவளுடைய மற்றக் கையில் கொடுத்தாள்.

"குடிச்சிட்டுப் போ" என்றாள். பிடித்த கையை மட்டும் விடவில்லை.