கவுனின் முதுகுப்புறம்

அந்த வீட்டின் மூத்த மருமகள் தையல்காரி. விளம்பரப் படம் எடுக்கும் ஸ்டூடியோ ஒன்றில் வேலை. பெயருக்குத்தான் தையல்; அங்கே ஊசியைவிட அதிகம் உழைத்தது கிளிப். மாடல் பெண்ணுக்கு எந்த உடை வந்தாலும் ஒரு சுற்றுப் பெரிதாகத்தான் வரும். துணியை முதுகுப் பக்கம் இழுத்து மடித்து, கழுத்திலிருந்து இடுப்புவரை எட்டு இரும்புக் கிளிப்புகளைக் கவ்வவிடுவாள். முன்னாலிருந்து பார்த்தால் கடைந்தெடுத்த உடம்பு. பின்னாலிருந்து பார்த்தால் மூட்டை கட்டியதுபோல் இருக்கும். படத்தில் விழுவது முன்பக்கம் மட்டும்தானே. அப்படியும் மிஞ்சும் சதையைக் கம்ப்யூட்டரில் ஒருவன் உட்கார்ந்து செதுக்கிவிடுவான்.

ஒரு நீலக் கவுனின் படமும் இப்படி எடுத்ததுதான். அன்று மாடல் பெண்ணுக்கு நல்ல பசி. கிளிப்போடு உட்கார முடியாததால் நின்றபடியே இரண்டு பன்களை விழுங்கினாள். துணியில் துகள் விழாமல் கீழே கை ஏந்தி நின்றவள் மூத்தவள்தான்.

ஒரு மாதம் கழித்து அந்தப் படம் பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே இரண்டாள் உயரத்துக்கு எழுந்து நின்றது. இளைய மருமகள் பல் டாக்டர் ஒருவரிடம் வரவேற்பு மேசையில் வேலை பார்த்தாள். தினமும் காலையில் கால் மணி நேரம் அதைப் பார்த்துக்கொண்டுதான் பேருந்துக்குக் காத்திருப்பாள். ஒருநாள் மாலை அதே கவுனோடு வீட்டுக்கு வந்தாள். அடுத்த மாதம் கணவனின் அலுவலக விருந்து, அதற்குப் போட்டுக்கொள்ள.

போட்டுப் பார்த்தாள். தோளிலிருந்து நேராகக் கீழே தொங்கியது. இடுப்பு என்று ஒன்று இருப்பதாகவே அந்தக் கவுனுக்குத் தெரியவில்லை.

"அக்கா, நீங்க துணியிலேயே ஊறினவங்க. படத்துல அவளுக்கு அப்படி நிக்குது, எனக்கு மட்டும் ஏன் இப்படி?"

மூத்தவள் அவளை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். குறை சொல்ல ஓர் இடம் கிடைக்காதா என்று இரண்டு வருஷமாகத் தேடிய உடம்பு அது. மூத்தவள் இந்த வீட்டுக்கு வந்து பதினோரு வருஷம். அடுப்படி இவள் கையில், இரண்டு பிள்ளைப்பேறு இவள் இடுப்பில். இளையவள் வாசலில் காலெடுத்து வைத்த அன்று மாமியார், "இப்பத்தான் இந்த வீட்டுக்கு ஒரு வெளிச்சம் வந்துச்சு" என்றாள். அப்படியானால் இத்தனை வருஷம் இருட்டிலா சமைத்துப் போட்டோம்? அன்று எடுத்த குடும்பப் படத்தில், "நீ நாற்காலிக்குப் பின்னால நில்லும்மா, உனக்கும் அதுதான் நல்லா இருக்கும்" என்று இவளிடம் வேறு சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். இவளும் சிரித்தாள்.

எட்டுக் கிளிப் என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கிக்கொண்டு மூத்தவள் சொன்னாள்:

"இன்னும் கொஞ்சம் இளைச்சா சரியா வரும்."

அன்று இரவே இளையவள் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்தாள்.

காலையில் வெந்நீர், மதியம் வெள்ளரிக்காய், மாலையில் மறுபடி வெந்நீர். வாரத்துக்கு ஒருமுறை கவுனைப் போட்டுப் பார்ப்பாள். உடம்பு இளைக்க இளைக்கத் துணி இன்னும் தொளதொளத்தது. இளைத்தால் துணி தொங்காமல் என்ன செய்யும்? கண்ணாடி முன் நிற்பவளுக்கு அது உறைக்கவில்லை. இளைத்தது போதவில்லை என்றே நினைத்தாள். கதவருகே நின்று பார்த்த மூத்தவளுக்கு எல்லாம் தெரிந்தது. கன்னம் ஒட்டியதும் தெரிந்தது. வயிற்றெரிச்சல் கொஞ்சம் அடங்கியதுபோல் இருந்தது. அப்படி அடங்கியதில் ஒரு கூச்சமும் இருந்தது. ஆனாலும் வாய் திறக்கவில்லை.

பத்தொன்பதாம் நாள் காலை இளையவள் வேலை செய்யும் இடத்தில் மயங்கி விழுந்தாள். டாக்டர் அவள் தாய்க்குத் தகவல் சொல்லிவிட்டார். தாய் மகளைக் கைத்தாங்கலாக அழைத்துக்கொண்டு வந்து கூடத்தில் நின்றாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"ஏன் சம்பந்தியம்மா, உங்க வீட்டுல அரிசிக்குப் பஞ்சமா? சொல்லியிருந்தா நான் மூட்டை கட்டி அனுப்பியிருப்பேனே!"

"வார்த்தையைப் பார்த்துப் பேசுங்க. அவதான் சாப்பிட மாட்டேங்கிறா."

"பொறந்த வீட்டுல ரெண்டு தட்டு சாப்பிட்டவ, புகுந்த வீட்டுல மட்டும் ஏன் சாப்பிடல? அடுப்படி யார் கையில? அதைச் சொல்லுங்க முதல்ல!"

"அம்மா, சும்மா இரும்மா" என்றாள் இளையவள்.

பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. யாருக்கும் குனிந்து பழக்கமில்லாத மாமியார் சுவரைப் பிடித்துக்கொண்டாள். மூத்தவளுக்கு மாமியார் மீது ஆயிரம் குறை உண்டு. அது வீட்டுக்குள். பட்டினி போட்ட வீடு என்ற பேச்சு வாசலைத் தாண்டினால் அந்தப் பழி மாமியாரோடு நிற்குமா? இவள் பிள்ளைகள் நாளைக்கு எந்த முகத்தோடு தெருவில் நடப்பார்கள்?

உள்ளே போய்க் கவுனையும் தன் வேலைப் பையையும் எடுத்து வந்தாள்.

"கையைத் தூக்கு."

இளையவள் போட்டிருந்த உடுப்பின் மேலேயே கவுனை மாட்டிவிட்டாள். துணியைப் பின்னால் இழுத்து, ஒன்று, இரண்டு என்று எட்டுக் கிளிப்புகளையும் போட்டாள். இளையவள் எதிரே இருந்த கண்ணாடியைப் பார்த்தாள். பேருந்து நிறுத்தத்துப் பெண் அங்கே நின்றாள்.

"இப்பத் திரும்பு. எல்லாருக்கும் முதுகைக் காட்டு."

தாய் வாயில் கை வைத்தாள். "இது என்ன கூத்து?"

"இதுதான் அந்தப் படம். இதை மாட்டிவிட்டதே நான்தான். இதைப் பார்த்துத்தான் உங்க பொண்ணு பட்டினி கிடந்தா. அந்த மாடல் பொண்ணு அன்னிக்கு ரெண்டு பன் தின்னுச்சு."

இளையவள் மெல்லத் திரும்பினாள். "அப்போ உங்களுக்கு முதல்லயே தெரியுமா?"

"தெரியும். தெரிஞ்சுதான் இளைக்கச் சொன்னேன்."

"ஏன்க்கா?"

"பொறாமை. வேற என்ன சொல்ல?"

"அடிப்பாவி!" என்று தாய் பாய்ந்தாள். மாமியார் குறுக்கே வந்து நின்றாள். அவள் முதுகு மறுபடி நிமிர்ந்திருந்தது.

"சம்பந்தியம்மா, குத்தம் எங்க வீட்டுதுதான். அதையும் எங்க வீட்டு ஆளேதான் சொல்லியிருக்கா. மறைக்கல. இனி அவளை நான் கேட்டுக்கிறேன்."

கேட்டுக்கொள்வாள், சும்மா விடமாட்டாள் என்று மூத்தவளுக்குத் தெரியும். ஆனால் 'எங்க வீட்டு ஆள்' என்று மாமியார் இவளைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

இளையவள் கையைப் பின்னால் விட்டு ஒரு கிளிப்பைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு, "அன்னிக்கே நீங்க சொல்லியிருந்தாலும் நான் நம்பியிருக்க மாட்டேன். நான் நல்லா இருந்துடக் கூடாதுன்னு சொல்றீங்கன்னுதான் நினைச்சிருப்பேன்" என்றாள்.

"அதுவும் சரிதான்" என்று சொல்லி, மூத்தவள் கிளிப்புகளை எடுக்க வந்தாள்.

"கொஞ்சம் இருங்க" என்று இளையவள் மறுபடி கண்ணாடிப் பக்கம் திரும்பினாள். அடிவயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு, இமைக்காமல் பார்த்தாள். இத்தனை அமளிக்குப் பிறகும், ஒட்டிய கன்னத்தோடும், அவள் அழகாகத்தான் இருந்தாள். மூத்தவளின் நெஞ்சு பழையபடியே எரிந்தது.

"மூச்சை விடு" என்றாள்.

இளையவள் மூச்சை விட்டதும் நடுக் கிளிப் ஒன்று தெறித்து நாற்காலிக்கு அடியில் போய் விழுந்தது. யாரும் அதைத் தேடவில்லை. மற்ற ஏழு கிளிப்புகளையும் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு மூத்தவள் அடுப்படிக்குப் போனாள். அரிசியைக் களைந்தபடி, கூடத்துப் பக்கம் பார்க்காமலே கேட்டாள்:

"கஞ்சியா, சோறா?"

"சோறு" என்றாள் இளையவள். அவள் இன்னும் கண்ணாடி முன்தான் நின்றிருந்தாள்.