பஸ் வரும் திசை

பாட்டை எழுதியது நான். மெட்டுப் போட்டது நான். ஹாஸ்டல் பாத்ரூமில் எதிரொலி நன்றாக இருக்கிறதென்று கதவைச் சாத்திக்கொண்டு, வெளியே வாளியோடு நின்றவர்களிடம் திட்டு வாங்கிக்கொண்டு, போனில் பாடிப் பதிவு செய்ததும் நான்தான். ஆனால் அந்தப் பாட்டுக்கு வாயசைக்கப் போவது ரம்யா. இதைக் கேட்டு ஒருத்திக்கு வயிறு எரியவில்லை என்றால் அவள் மகான். நான் மகான் இல்லை.

விஷுவல் கம்யூனிகேஷன் மூன்றாம் ஆண்டில் இப்படி ஒரு பேப்பர். மூன்று பேர் சேர்ந்து, சொந்தப் பாட்டு ஒன்றுக்கு மியூசிக் வீடியோ எடுத்துக் கொடுக்க வேண்டும். எங்கள் குழுவில் ஜெரால்டு, ரம்யா, வனிதாவாகிய நான். ஜெரால்டுக்குத் தெரிந்த கல்யாண போட்டோகிராபர் ஒருவர் கேமராவை இரவல் கொடுத்தார். கேமரா கைக்கு வந்த நிமிஷத்திலிருந்து ஜெரால்டு டைரக்டர் ஆகிவிட்டான். யாரும் ஆக்கவில்லை, அவனே ஆகிக்கொண்டான்.

"பாட்டு செமயா இருக்கு வனி. ஆனா ஸ்க்ரீன்ல ரம்யா வந்தா நல்லாருக்கும்" என்றான்.

"ஏன், எனக்கு என்ன கொறச்சல்?"

"ஒனக்கு ஒரு கொறையும் இல்ல. ஃப்ரேமுக்குன்னு ஒரு ஃபேஸ் இருக்குல்ல, அதச் சொல்றேன்."

நான் கறுப்பு. முன்பல் இரண்டும் உதட்டுக்குள் அடங்காது. அதை நேராகச் சொல்லியிருந்தால்கூட நாலு வார்த்தை திட்டிவிட்டு விட்டிருப்பேன். ஃப்ரேமாம், ஃபேஸாம். பள்ளிக்கூடத்திலிருந்தே எனக்கு இதுதான் கதி. ஆண்டு விழாவில் என்னைத் திரைக்குப் பின்னால் நிறுத்திப் பாட வைப்பார்கள். முன்னால் ஆடுகிற பிள்ளைகளுக்குக் கைதட்டல் விழும். ஒரே ஒரு தடவை, என் பாட்டை நான் பாடுவதை நாலு பேர் கண்ணால் பார்க்க வேண்டும். வேறு என்ன பெரிதாகக் கேட்டுவிட்டேன்?

சண்டை போட்டேன். ஜெரால்டு ஓட்டெடுப்பு வைத்தான். ரம்யா யாருக்கும் கை தூக்காமல் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். அந்த ஓட்டையும் தன் பக்கம் சேர்த்துக்கொண்டு "மெஜாரிட்டி" என்றான். நான் செய்யப் போகிற வேலைக்கு என்ன பெயர் என்று கேட்டேன். "சவுண்ட்" என்றான்.

பாட்டு என்னவோ சின்னப் பாட்டுதான். பஸ்ஸுக்குக் கை காட்டுகிற ஒரு பெண், நிற்காமல் போகிற பஸ். சனிக்கிழமை புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் எடுப்பதாகத் திட்டம். எந்த இடத்தில் நிற்பது, எந்த வரிக்கு எங்கே திரும்புவது எல்லாம் படமாக வரைந்து வைத்திருந்தோம். வரைந்தது யார் என்று கேட்காதீர்கள். வெள்ளிக்கிழமை ரம்யா, அழுக்குத் துணியை அலசிக்கொண்டு வருகிறேன் என்று குன்றாண்டார்கோவில் பக்கம் இருக்கிற தன் ஊருக்குப் போனாள். சனிக்கிழமை காலையில் போன்.

"வனி, ஊர்ல காப்புக் கட்டிட்டாங்கடி."

அம்மன் கோயிலில் காப்புக் கட்டும்போது ஊருக்குள் இருப்பவர்கள் திருவிழா முடிகிற வரைக்கும் எல்லையைத் தாண்டக் கூடாது. திருவிழா முடிய அடுத்த வாரம் ஆகிவிடும். வீடியோவைத் திங்கட்கிழமை கொடுத்தாக வேண்டும்.

"காப்புக் கட்டுறது தெரியாமயாடி ஊருக்குப் போன?"

"நாளைக்குத்தான் கட்டுவாகன்னு நெனச்சேன். நேத்துச் சாயந்தரமே கட்டிட்டாங்க."

ஜெரால்டு போனைப் பிடுங்கி, "பகல்ல வந்துட்டு உடனே போயிரலாம்ல?" என்றான். மறுமுனையில் ரம்யாவின் அம்மா சின்னப்பிள்ளை பேசியது எனக்கே கேட்டது. "தம்பி, எல்லையத் தாண்டி எம் புள்ளைக்கு ஒண்ணுன்னா நீ வந்து பாப்பியா? வையிப்பா போன."

இதுதான் சமயம் என்று, "அப்ப நானே நடிச்சிர்றேன். பஸ் ஸ்டாண்டு இங்கதான் இருக்கு, நானும் இங்கதான் இருக்கேன்" என்றேன். ஜெரால்டு என்னையும் கேமராவையும் மாறி மாறிப் பார்த்தான்.

"வேணாம் வனி. நாம அவ ஊருக்குப் போயிருவோம்" என்றான்.

என்னைக் கேமராவுக்கு முன்னால் நிறுத்துவதைவிட இரண்டு பஸ் மாறிப் போவது அவனுக்குச் சுலபமாக இருந்தது. அப்போதே பாட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போயிருக்க வேண்டும். மார்க் போய்விடுமே என்று வாயை மூடிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை ட்ரைபாடையும் வெளிச்சத்தைத் திருப்புகிற தெர்மகோல் அட்டையையும் நான்தான் சுமந்துகொண்டு போனேன்.

அந்த ஊரில் பஸ் ஸ்டாண்டு ஏது? கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு நிழற்குடை, அவ்வளவுதான். ரம்யா பச்சைத் தாவணியில் பூ வைத்துக்கொண்டு வந்தாள். அழகாகத்தான் இருந்தாள், இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். சின்ன ப்ளூடூத் ஸ்பீக்கரில் பாட்டைப் போட்டுவிட்டு ஜெரால்டு "ஆக்‌ஷன்" என்றான். ஒன்றும் கேட்கவில்லை. நிழற்குடைக்கு மேலேயே வேப்ப மரத்தில் இரண்டு கூம்பு ஸ்பீக்கர் கட்டி, அம்மன் பாட்டு அலறிக்கொண்டிருந்தது. பாட்டுக் காதில் விழாமல் வாயசைக்க முடியாது. ரம்யா எங்கோ ஒரு வரியில் இருந்தாள், பாட்டு எங்கோ போய்க்கொண்டிருந்தது.

மைக்செட் போட்டிருந்தவர் நல்லதம்பி அண்ணன். கோயில் வாசலில் ஒரு மேசை, அதன்மேல் ஆம்ப்ளிஃபயர், பக்கத்தில் ஒரு நாற்காலி. ஜெரால்டு போய், "அண்ணே, கொஞ்ச நேரம் நிறுத்துங்கண்ணே" என்றான்.

"காப்புக் கட்டியாச்சு தம்பி. காலையில போட்டா பொழுது சாயுற மட்டும் பாட்டு நிக்கக் கூடாது. ஊர்ல என்னைய உரிச்சிருவாக."

"நிக்கத்தானே கூடாது? எங்க பாட்டப் போடலாம்லண்ணே?" என்றேன் நான்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "என்னா பாட்டு?"

"பஸ் பாட்டு."

"அசிங்கமா ஒண்ணும் வராதே ஆத்தா?"

"நான் எழுதுனதுண்ணே. அசிங்கமே கெடையாது."

பென் டிரைவை வாங்கிச் சொருகினார். என் குரல் வேப்ப மரத்திலிருந்து ஊர் முழுக்கக் கேட்டது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

*அஞ்சு மணி வண்டிக்குத்தான் கையக் காட்டுனேன்*
*அங்கிட்டே பாத்தபடி போயிட்டீகளே*
*கண்ணாடியில ஒரு தரம் பாத்திருந்தா*
*காசா பணமா, என்ன கொறஞ்சிரும்?*

கேட்டதும் வீட்டுக்குள் இருந்த சனம் எல்லாம் வெளியே வந்தது. அந்த ஊரிலும் சாயந்தர வண்டி பாதி நாள் நிற்காதாம். "நம்ம வண்டியத்தான் சொல்லுது" என்று ஓர் அக்கா சிரித்தாள். ஜெரால்டுக்கு ஒரே குஷி. காசில்லாமல் கூட்டம் கிடைத்துவிட்டது. பத்துப் பதினைந்து பேரை ரம்யாவுக்குப் பின்னால் பஸ்ஸுக்குக் காத்திருக்கிற மாதிரி நிறுத்தினான். சின்னப்பிள்ளையம்மாவும் புதுச் சேலை மாற்றிக்கொண்டு வந்து மகளுக்குப் பக்கத்தில் நின்றார்கள்.

முதல் டேக்கில் ரம்யா இரண்டாவது வரியை மறந்தாள். அடுத்ததில் நாய் குறுக்கே வந்தது. அதற்கடுத்ததில் எல்லாம் சரியாக வந்த நேரத்தில், நிற்காத பஸ் என்று பேர் வாங்கிய பஸ் சரியாக அன்றைக்குப் பார்த்து வந்து நின்று, டிரைவர் தலையை நீட்டி "என்ன ஷூட்டிங்கு?" என்று கேட்டார். ஜெரால்டு தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தான். அடுத்த டேக் ஆரம்பிக்கும்போது பாட்டு நின்றுவிட்டது. நல்லதம்பி அண்ணன் பென் டிரைவைப் பிடுங்கி ஊதினார், சட்டையில் துடைத்தார், மறுபடி சொருகினார். ஒன்றும் நடக்கவில்லை. போனை மைக்குக்கு முன்னால் பிடித்துப் பார்த்தோம். கரகரவென்று என்னவோ வந்ததே தவிர, ஒரு வார்த்தை விளங்கவில்லை.

வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. ஜெரால்டு என் பக்கம் திரும்பினான்.

"வனி, நீயே மைக்ல பாடிரு. ஒரு காதுல இயர்போன் போட்டு ஒரிஜினலக் கேட்டுக்க, அதே வேகத்துல பாடு. எடிட்ல ரெக்கார்ட் பண்ணத வச்சுக்கலாம்."

வெட்கமே இல்லாமல் கேட்டான். நான் மைக்கைக் கையில் எடுத்தேன்.

"அங்க நிக்காத, ஃப்ரேம்ல வார. இன்னும் தள்ளி. இன்னும். ஆங், அந்த மேசைக்கு அங்கிட்டு."

தள்ளித் தள்ளிக் கடைசியில் மைக்செட் மேசைக்குப் பின்னால் போய் நின்றேன். அங்கிருந்தே பாடினேன். எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை, பாத்ரூமில் பாடியபோது வராத ஒன்று அன்றைக்கு வந்தது. கோபமாகத்தான் இருக்க வேண்டும்.

"கட்! கட்!" என்று கத்தினான் ஜெரால்டு. "எல்லாரும் ஏன் அங்கிட்டுப் பாக்குறீங்க? ரம்யாவப் பாருங்க!"

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தேன். நிழற்குடையில் நின்ற அத்தனை பேரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பாடுற புள்ள அங்கனல்ல நிக்குது?" என்றாள் அந்த அக்கா.

"அது சும்மாக்கா. நீங்க இந்தப் புள்ளயப் பாருங்க."

"இது சும்மாதானப்பா வாய அசைக்குது."

மறுபடி எடுத்தான். மறுபடியும் அதே கதை. பாட்டு ஆரம்பித்ததும் நாலு கண் திரும்பும், அப்புறம் எட்டு, அப்புறம் எல்லாம். சின்னப்பிள்ளையம்மா பெற்ற மகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே என்னைத்தான் பார்த்தார்கள். ஜெரால்டு கெஞ்சினான், கும்பிட்டான், டீ வாங்கித் தருகிறேன் என்றான். சரி சரி என்று தலையாட்டிவிட்டு எல்லோரும் என் பக்கமே திரும்பினார்கள். நான் பாடிக்கொண்டே கேமராவைப் பார்த்தேன். அதை ஒரு சாண் இந்தப் பக்கம் திருப்பினால் போதும். அவன் திருப்பவே இல்லை. எனக்கு வந்த சந்தோஷத்தையும் சேர்த்துக் கெடுத்தது அந்த ஒரு சாண்தான்.

"வெளிச்சம் போச்சு. க்ளோசப்ப வச்சு சமாளிச்சுக்கலாம்" என்று கேமராவை மூடினான்.

சமாளிக்க முடியவில்லை. எடிட்டிங்கில் உட்கார்ந்து பார்த்தால் க்ளோசப்பும் அதே லட்சணம். வரி மறந்துபோகாமல் இருக்க ரம்யா என் வாயைப் பார்த்துத்தான் வாயசைத்திருக்கிறாள். பாட்டு முழுக்க அவள் கண்ணும் அந்தப் பக்கமே போயிருந்தது. "போயும் போயும் இப்படி எடுத்திருக்கோமே" என்று ஜெரால்டு தலையில் அடித்துக்கொண்டான். எனக்கு அந்தக் கம்ப்யூட்டரையே உடைக்கலாம் போல இருந்தது. அப்படியே வெட்டி ஒட்டி முடித்தான்.

திங்கட்கிழமை கொடுத்துவிட்டோம். திருவிழா முடிந்து ரம்யா திரும்பி வந்த பிறகுதான் வகுப்பில் போட்டார்கள். முதலில் 'ஜெரால்டு இயக்கத்தில் ரம்யா' என்று பெரிதாக வந்தது. அப்புறம் பாட்டு ஓடியது. கடைசியில் 'சவுண்ட்: வனிதா' என்று எறும்பு அளவில் வந்து, படிப்பதற்குள் போனது. நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

ஆரோக்கியதாஸ் சார் லேசில் எதையும் பாராட்டாதவர். அவர் வீடியோவைப் பின்னால் ஓட்டி, நடுவில் ஓரிடத்தில் நிறுத்தினார். திரையில் நிழற்குடை. ரம்யா, அவள் அம்மா, அந்த அக்கா, கூட்டம் மொத்தமும் ஒரே பக்கம் பார்க்கிறது.

"வாய்ஸ் பிரமாதமா இருக்கு. சரி, இவங்க எல்லாம் எங்க பாக்குறாங்க?"

ஜெரால்டு எழுந்தான். ஒரு நொடி திருதிருவென்று விழித்தான். அப்புறம் அவன் முகம் தெளிந்தது.

"பஸ் வர்ற திசை சார். வராத பஸ்ஸ எதிர்பாத்து எல்லாரும் அந்தப் பக்கமே பாக்குறாங்க. அதான் சார் கான்செப்ட்."

"அடேயப்பா" என்றார் சார். "ஒரு ஆள் கண்ணுகூட வெலகல. நடிக்கத் தெரியாத ஜனங்கள இப்படிப் பாக்க வைக்கிறது லேசு இல்ல. நல்ல டைரக்‌ஷன்." மார்க் போடப் பேனாவை எடுத்தார்.

எனக்கு உச்சந்தலை வரைக்கும் சூடு ஏறியது. பாட்டைக் கொடுத்தேன், குரலைக் கொடுத்தேன், மூட்டை தூக்கினேன். என்னைப் பார்த்த அந்தக் கண்களையும் இவன் எடுத்துக்கொள்கிறானே. இதையும் விட்டால் நான் மனுஷியே இல்லை.

"பொய் சார்" என்று எழுந்தேன். என் குரல் எனக்கே பயமாக இருந்தது. "அந்தப் பக்கம் பஸ் வராது சார். அங்கிட்டு இருக்கிறது கோயில். அங்க நான்தான் நின்னேன். மைக்கப் பிடிச்சுப் பாடிக்கிட்டு நின்னேன். அவங்க எல்லாரும் என்னையத்தான் பாத்தாங்க."

வகுப்பு மொத்தமும் கடைசி பெஞ்சுக்குத் திரும்பியது. ஜெரால்டு, "சார், அவ சவுண்டு மட்டும்தான் சார்..." என்று இழுத்தான்.

சார் அவனைப் பார்க்கவில்லை. திரையைப் பார்த்தார், அப்புறம் ரம்யாவைப் பார்த்தார். "ரம்யா, நீ சொல்லும்மா. நீ பஸ்ஸத்தான பாத்த?"

ரம்யா நகத்தை வாயிலிருந்து எடுத்தாள்.

"இல்ல சார்" என்றாள். "நானும் இவளத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்."