எட்டு நாற்பது பஸ்ஸில் பதினோரு கேள்விகள்

நாள் முழுக்க நின்றபடி வேலை பார்க்கும் துணிக்கடைப் பெண்களுக்குச் சிறுநீர்த் தொற்று எவ்வளவு வருகிறது? பொது சுகாதார முதுகலைப் படிப்புக்காக அவள் எடுத்துக்கொண்ட ஆய்வு இதுதான். நாற்பத்திரண்டு கேள்விகள், தொண்ணூறு பெண்கள். முதல் கடையின் மேனேஜர் கேள்வித்தாளில் பாதியைக்கூடப் படிக்கவில்லை.

"இதெல்லாம் எங்க பொண்ணுங்ககிட்ட கேப்பீங்களா? முதல்ல கிளம்புங்க."

மற்ற மூன்று கடைகளிலும் இதே கதை. வழிகாட்டியான பேராசிரியையும் கையை விரித்துவிட்டார். "தலைப்பை மாத்திடும்மா. ஹாஸ்டல் பொண்ணுங்களை வச்சுப் பண்ணு, ஒரு மாசத்துல முடிஞ்சிடும்."

"ஹாஸ்டல்ல உக்கார நாற்காலி இருக்கு மேடம். பாத்ரூம் போக யாரையும் கேக்க வேண்டாம். எனக்கு இவங்கதான் வேணும்."

கடைக்குள் விடாவிட்டால் என்ன, கடைக்கு வருகிற வழியை யாரும் பூட்டிவிடவில்லையே. காலை எட்டு நாற்பது பஸ்ஸில் பாதிக் கூட்டம் விற்பனைப் பெண்கள்தான். இடத்தை மாற்றுவதற்கு ஒப்புதல் தரக் கல்லூரியின் நெறிமுறைக் குழு ஆறு வாரம் இழுத்தடித்தது. பயணமோ இருபது நிமிடம். அதற்குள் அடங்கும்படி கேள்விகளை வெட்டி வெட்டிப் பதினொன்றாக்கினாள்.

முதல் நாளே மூக்குடைபட்டாள். "யூரின் போறப்ப கடைசியா எப்போ எரிச்சல் இருந்துச்சு?" என்றதும் அந்தப் பெண் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். முன்சீட்டு ஆள் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் கண்டக்டர் கேட்டேவிட்டார்: "இன்சூரன்ஸ் ஏதும் பிடிக்கிறீங்களாம்மா?" பஸ்ஸே சிரித்தது.

அவமானம் பிடுங்கித் தின்ன, இறங்கப் போனவளின் பையைப் பிடித்து நிறுத்தினாள் ஒருத்தி. கடையில் பட்டன், நூல் விற்கும் பிரிவில் நிற்பவள். கூட வருபவர்களுக்கு அவள் 'பட்டன் அக்கா'.

"நீ கேக்கறது தப்பில்லம்மா. இத்தனை பேர் காதுல விழற மாதிரி கேக்கறதுதான் தப்பு. நான் சொன்னதை யாராச்சும் மேனேஜர்கிட்ட போட்டுக்கொடுத்தா?"

அன்றே ஒவ்வொரு கேள்வியையும் தனித்தனி அட்டையில் எழுதினாள், கீழே பதில்கள். வாய் திறக்க வேண்டாம், விரலை வைத்தால் போதும். ஆள் பெயரும் இல்லை, கடைப் பெயரும் இல்லை. குழுவுக்கு மறுபடி ஒரு கடிதம், மறுபடி பத்து நாள்.

முதல் ஆளாகப் பட்டன் அக்காவே அட்டைகளை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். வேலை நேரத்தில் குடிக்கும் தண்ணீர்? விரல் 'அரை டம்ளர்' மேல் நின்றது. ஆறு மாதத்தில் எத்தனை முறை எரிச்சல்? விரல் 'நாலு முறைக்கு மேல்' என்ற கடைசிக் கட்டத்துக்குப் போனது.

"டாக்டர்கிட்ட போகலையாக்கா?"

"லீவு யாரு தருவா? மெடிக்கல்ல மாத்திரை வாங்கிப் போட்டுட்டு நின்னுடுவேன்."

"ஞாயித்துக்கிழமை எங்க காலேஜ் ஆஸ்பத்திரிக்கு வாங்க. நான் வாசல்லயே நிப்பேன்."

அக்கா வந்தாள், கூடவே இன்னும் இருவரைக் கூட்டிக்கொண்டு. மூவருக்கும் சிறுநீர்ப் பரிசோதனை, முறையான மருந்து.

அதற்குப் பிறகு ஒரு நாளைக்கு ஒருவர், சில நாள் இருவர். அடைமழையிலும் அவள் பஸ்ஸைத் தவறவிடவில்லை. நான்கு மாதத்தில் கணக்கு தொண்ணூற்றாறைத் தொட்டது. அதில் ஐம்பத்தெட்டுப் பேருக்கு ஒருமுறையாவது தொற்றின் அறிகுறி இருந்திருக்கிறது.

வாய்மொழித் தேர்வுக்கு வெளியிலிருந்து வந்த தேர்வாளர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "ஓடற பஸ்ஸுல எடுத்த பதிலை எப்படி நம்பறது?"

"பக்கத்துல மேனேஜர் நிக்கறப்ப எடுத்தா மட்டும் நம்பலாமா சார்?"

பேராசிரியை சிரிப்பை இருமலாக்கி விழுங்கினார். தேர்வாளர் மேலும் அரைமணி நேரம் குடைந்தார்; அவளும் சளைக்கவில்லை. கடைசியில் கையெழுத்துப் போட்டபடியே கேட்டார்: "சரி, இதை அலமாரியில வைக்கப் போறீங்களா?"

"இல்ல சார். தொழிலாளர் அதிகாரியைப் பாக்க பதினஞ்சாம் தேதி நேரம் வாங்கியிருக்கேன். கூட வந்து பேச அந்தக் கடைப் பொண்ணுங்கள்லயே மூணு பேர் ஒத்துக்கிட்டிருக்காங்க."