மருமகனுக்கு ஒரு நாற்காலி

எதிர் வீட்டில் நடப்பது எதுவும் எனக்குத் தெரியாமல் போவதில்லை. இதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை, என் தையல் மெஷின் இருக்கும் இடம் அப்படி. வெளிச்சத்துக்காக வாசலை ஒட்டிப் போட்டேன். என் கதவு திறந்திருந்தால் அவர்கள் கதவு தெரியும். அவர்கள் கதவும் திறந்திருந்தால் சாப்பாட்டு மேசை தெரியும். கண்ணை மூடிக்கொண்டு பொத்தானுக்குக் காஜா எடுக்க முடியுமா?

அந்த வீட்டு அம்மாவுக்கு எங்கள் கட்டடத்தில் தராசம்மா என்று பெயர். எடையளவு ஆபீஸில் இன்ஸ்பெக்டர். கடைகடையாகப் போய்த் தராசு ஒழுங்காக நிற்கிறதா என்று பார்த்து முத்திரை போடுவார். அவர் தெருமுனையில் திரும்பினாலே காய்கறிக்காரர் கை தானாக ஒரு தக்காளியைச் சேர்த்துப் போடும். வயது நாற்பத்தெட்டு. கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்பதற்கு மூன்று கதைகள் உலவுகின்றன, அவற்றில் இரண்டு நான் கிளப்பியவை.

தனியாக இருந்த காலத்திலேயே ஆறு பேர் உட்காரும் மேசையை வாங்கிப் போட்டவர் அவர். தேக்கு. நாலு ஆட்கள் திணறிக்கொண்டு தூக்கி வந்தார்கள். பல வருஷம் அதன் ஒரு மூலையில் ஒரு தட்டு, ஒரு தம்ளர், ஒரு தராசம்மா. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவருடைய தம்பி, ஏசி மெக்கானிக், புதுப் பெண்டாட்டியோடு "வீடு கிடைக்கிற வரைக்கும்" என்று வந்து சேர்ந்தார். அந்த அம்மா மறுநாளே மேசையின் நடுவில் ஊறுகாய் பாட்டிலைக் கொண்டுவந்து வைத்தார். அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது, தம்பிக்கு வீடு கிடைக்கவே கூடாது என்று இவர் வேண்டிக்கொள்கிறார் என்று.

ஏழு மாதத்துக்கு முன்னால் பையன் பிறந்தான். தம்பி மகன், அதனால் அவருக்கு மருமகன். தொட்டிலில் கிடக்கும்போதே "என்ன மருமகனே, தூக்கம் வரலையா" என்று மரியாதையாகத்தான் பேச்சு. கேட்டுக் கேட்டு மாடியில் குடியிருப்பவர்களும் அவனை மருமகன் என்றே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் எடை பார்ப்பார். சுவரில் காகிதம் ஒட்டி, கிராம் கணக்கில் எழுதுவார். ஒரு வாரம் நாற்பது கிராம் குறைந்ததற்குத் தம்பி பெண்டாட்டியை ஒரு பார்வை பார்த்தார் பாருங்கள், காய்கறிக்காரர் பாடே தேவலை.

போன மாதம் மருமகனுக்குப் பால் போதவில்லை. மற்றவர்கள் சாப்பிடும்போது வாயையே பார்க்கிறான், தட்டை இழுக்கிறான். மசித்த கேரட், மசித்த வாழைப்பழம் என்று ஆரம்பித்தார்கள். அப்போதுதான் நாற்காலிப் பேச்சு வந்தது. குழந்தையை உட்கார வைத்து ஊட்ட உயரமான நாற்காலி, பெல்ட் போட்டது. கடைகளில் பேபி சேர் என்பார்கள்.

மற்றவர்கள் கடைக்குப் போவார்கள், நிறம் பார்ப்பார்கள், வாங்குவார்கள். தராசம்மா ஒரு துண்டுச் சீட்டோடு என்னிடம் வந்தார்.

"டெய்லரம்மா, மருமகன் உட்கார்ந்தா எப்படி இருப்பாரோ அதே அளவுல ஒரு துணிப்பை வேணும். கால் ரெண்டும் முன்னாடி நீட்டி இருக்கணும். முதுகுல ஜிப்."

"உள்ள பஞ்சா?"

"உப்பு. ஒரு கிலோ பாக்கெட் எட்டு உள்ள போகணும். தலைக்கு மட்டும் ரெண்டு வெச்சுருங்க, இந்த வயசுல தலைதான் கனம்."

"எதுக்குங்க இது?"

"நாற்காலி சாயுதான்னு பாக்கணும். அதுக்காகக் குழந்தைய வெச்சா சாச்சுப் பாக்க முடியும்?"

கேட்டால் நியாயமாகத்தான் இருந்தது. இவர் சொன்னால் எல்லாமே அப்படித்தான் இருக்கும். தைத்தேன். அரை சென்டிமீட்டர் பிசகாமல் தைத்தேன். இரண்டு பொத்தானைக் கண்ணாக வைத்தது மட்டும் என் சொந்த யோசனை.

அந்தப் பையைத் தைத்துக்கொண்டிருந்த அதே வாரம் தம்பி பெண்டாட்டியும் என்னிடம் வந்தாள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவள். புது யூனிஃபார்ம் இரண்டு செட், இடுப்பில் பிடித்துத் தைக்க வேண்டும். சட்டைப் பாக்கெட்டுக்கு மேல் கிளையின் பெயர் நூலில் போட்டிருந்தது. அது இந்த ஊர் கிளை இல்லை. ரயிலில் ஆறு மணி நேரம்.

நான் பார்த்ததை அவள் பார்த்துவிட்டாள்.

"அக்கா, அண்ணிகிட்ட இன்னும் சொல்லல. அவருதான் சொல்றேன் சொல்றேன்னு நாள ஓட்டுறாரு. நீங்க வாயத் தொறந்துறாதீங்க, ப்ளீஸ்."

என்னிடம் வந்து வாயைத் திறக்காதே என்கிறாள். சிங்கத்துக்கு இலை போட்டுக் கறியும் வைத்துவிட்டு விரதம் இருக்கச் சொல்வது மாதிரி. ஆனால் இருந்தேன். பதினொரு நாள். யார் வீட்டு ரகசியமும் என்னிடம் பதினொரு மணி நேரம் தங்கியதில்லை. எதற்காக இருந்தேன் என்றால், எதிரே அந்த அம்மா தினமும் சாக்பீஸோடு குனிந்து, மேசைக்குப் பக்கத்தில் நாற்காலி எங்கே நிற்க வேண்டும் என்று தரையில் கோடு போட்டு, அழித்து, மறுபடி போட்டுக்கொண்டிருந்தார். அதைப் பார்த்துக்கொண்டே எப்படிச் சொல்வது?

சனிக்கிழமை கடைக்குக் கிளம்பினோம். பை தைத்தவள் என்ற உரிமையில் நானும். மருமகன் அம்மா இடுப்பில். எட்டு கிலோ உப்பு மருமகன் அப்பா தோளில். அது போக ஏழு பாக்கெட் தனியாக ஒரு கட்டைப்பையில், அவருடைய இன்னொரு கையில். ஒவ்வொரு பாக்கெட் மேலும் அசல் எடையைத் தராசம்மா பேனாவால் எழுதியிருந்தார். "ஆறு கிராம் குறைவு" என்று ஒன்றில். அந்த உப்புக் கம்பெனிக்காரனுக்கு இனி நல்ல காலம் இல்லை.

கடைக்காரர் எங்களைப் பார்த்ததும் கல்லாவுக்குப் பக்கத்தில் இருந்த பார்சல் தராசின் மேல் ஒரு போர்வையைப் போட்டார்.

"மேடம், போன மாசம்தான் முத்திரை வாங்கினோம். பேப்பர் எடுக்கட்டுமா?"

"நான் இன்னிக்கு அத்தையா வந்திருக்கேன். பேபி சேர் காட்டுங்க."

ஏழெட்டு வகை இருந்தன. தராசம்மா நேராகப் போய் நின்றது ஒரு மர நாற்காலி முன்னால். தட்டு கிடையாது, மேசையோடு ஒட்டிப் போட வேண்டியது. நல்ல கனம். கால்கள் கீழே விரிந்து அழுத்தமாக நின்றன. உப்புப் பையனை உட்கார வைத்துப் பெல்ட் போட்டார். முன்னால் இழுத்தார், பின்னால் தள்ளினார், பக்கவாட்டில் இடித்தார். நாற்காலி அசையவே இல்லை. பொத்தான் கண்ணோடு அவன் எங்களை அலட்சியமாகப் பார்த்தான். அசல் மருமகன் அம்மா இடுப்பிலிருந்து எட்டி அவன் காலைப் பிடித்து வாயில் வைக்கப் பார்த்தான்.

"இதுதான். இதுல உட்கார்ந்தா நம்ம தட்டு உயரத்துக்கு அவர் கை வரும். எல்லாரும் ஒண்ணாச் சாப்பிடலாம்," என்றார். அந்த 'எல்லாரும்' என்ற சொல்லை அவர் அத்தனை மெதுவாகச் சொன்னார்.

தம்பி தொண்டையைக் கனைத்தார். "கனமா இருக்கேக்கா. மடக்குற மாதிரி ஏதாச்சும் பாக்கலாமே."

"எதுக்கு மடக்கணும்?"

"வண்டில கிண்டில ஏத்தணும்னா..."

"மருமகன் சாப்பிடறதுக்கு வண்டில எதுக்குடா போறாரு? கூடத்துல இருந்து மேசைக்கு வரப்போறாரு."

தம்பி பெண்டாட்டி அவர் முழங்கையைக் கிள்ளினாள். நான் ஒரு தொட்டில் கொசுவலையின் தையலை மிகுந்த அக்கறையோடு ஆராய்ந்தேன். சுமாரான தையல்.

கடைக்காரர், பாவம், வியாபாரத்துக்கு உதவியாக ஒரு கேள்வி கேட்டார். "வீட்டு மேசை என்ன உயரம்?"

"எழுபத்தாறு சென்டிமீட்டர்," என்றார் தராசம்மா.

"மேசை இல்லைங்க," என்றாள் தம்பி பெண்டாட்டி.

இரண்டு பதிலும் ஒரே நேரத்தில் வந்தன. கடைக்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். தம்பி மேலே சுழன்ற மின்விசிறியை, ஏதோ அவர்தான் அதை ரிப்பேர் செய்ய வேண்டும் என்பது போலப் பார்த்தார்.

"எந்த வீட்டுல மேசை இல்ல?" என்று கேட்டார் தராசம்மா. குரல் உயரவில்லை. குறைந்த எடை வைத்தவனிடம் கேட்கும் அதே குரல்.

பெண்டாட்டிதான் சொன்னாள். புருஷனை நம்பிப் பிரயோசனம் இல்லை என்று அவளுக்கு அந்த இடத்தில் முடிவாகியிருக்க வேண்டும். "எங்க லேபோட வேற ஊர்க் கிளைல எனக்கு வேல கெடச்சிருக்கு அண்ணி. பெரிய லேப். நைட் ஷிஃப்ட் கெடையாது. வீடும் பாத்தாச்சு. ஒண்ணாந்தேதி சேரணும். உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல. நீங்க கோடு போட்டுட்டு இருந்தீங்க."

தராசம்மா தலையாட்டினார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"உங்களுக்குத் தெரியும்ல?"

"அந்தப் பொண்ணு யூனிஃபார்ம் பிடிக்கக் குடுத்துச்சு," என்றேன். கொசுவலையை விட்டேன்.

"தெரிஞ்சும் நீங்க யார்கிட்டயும் சொல்லல." என்னை மேலும் கீழும் பார்த்தார். "அப்ப நான் பாக்க ரொம்பப் பாவமா இருந்திருக்கேன்."

நான் மறுபடி கொசுவலையை எடுத்துக்கொண்டேன்.

அவர் மர நாற்காலியிலிருந்து உப்புப் பையனின் பெல்ட்டை அவிழ்த்தார். அவசரமில்லாமல், அசல் குழந்தையைத் தூக்குவது மாதிரி தலைக்குக் கீழே கை கொடுத்துத் தூக்கினார். "மேசை இல்லாத வீட்டுக்கு எது சரியா வரும்?" என்று கடைக்காரரிடம் கேட்டார்.

இரும்புக் கால் போட்டு, முன்னால் தட்டு மாட்டி, மடக்கக்கூடிய ஒன்றை அவர் இழுத்து வந்தார். தராசம்மாவின் சோதனை மறுபடி தொடங்கியது. இழுத்தார், தள்ளினார். லேசாக ஆடியது, சாயவில்லை. இதோடு முடிந்தது என்று நினைத்தேன். அவர் முதுகு ஜிப்பைத் திறந்து கட்டைப்பையிலிருந்து ஒரு பாக்கெட்டை எடுத்து உள்ளே வைத்தார்.

"பத்து மாசம்." இழுத்தார், தள்ளினார். இன்னொரு பாக்கெட். "ஒரு வயசு. நடக்க ஆரம்பிச்சிருப்பாரு, உட்கார மாட்டாரு, நெளிவாரு." நெளிவது மாதிரி ஆட்டிப் பார்த்தார். இன்னொன்று. "ஒண்ணேகால்." இன்னொன்று. "ரெண்டு வயசு. தானே ஏறணும்பாரு." நாற்காலியின் ஒரு ஓரத்தில் கையை ஊன்றி, ஏறுகிற குழந்தை மாதிரி முழு பலத்தோடு அழுத்தினார்.

"அண்ணி, போதும்," என்றாள் தம்பி பெண்டாட்டி. அவள் கண் நிறைந்துவிட்டது.

"மூணு வயசு வரைக்கும் பாத்துறணும்மா. நடுவுல வந்து சரியா இருக்கான்னு நான் பாத்துட்டு இருக்க முடியுமா?"

மிச்சப் பாக்கெட்டுகளும் உள்ளே போயின. பை புடைத்து என் தையல் இழுபட்டது. பிரியவில்லை, அதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன். பதினைந்து கிலோ. நாற்காலியின் கால் ஒன்று வழுக்கிப் பார்த்தது, பிறகு நின்றது. தராசம்மா உப்புப் பையனின் தோளில் தட்டிக்கொடுத்தார்.

தம்பிக்கு அப்போதுதான் பேச்சு வந்தது. "ரெண்டையும் வாங்கிக்கலாம்க்கா. மர நாற்காலி உன் வீட்டுலயே இருக்கட்டும். லீவுக்கு வர்றப்ப..."

"வருஷத்துக்கு எத்தன தடவ வருவ?"

அவர் விரலை மடக்கிப் பார்த்து, பாதியில் விட்டார்.

"வேணாம்டா. மேசையச் சுத்தி சும்மா நிக்கிற நாற்காலி என்கிட்ட ஏற்கெனவே இருக்கு."

மடக்கு நாற்காலி வீட்டுக்கு வந்தது. திங்கட்கிழமை கட்டடமே அதிரும் செய்தி ஒன்று வந்தது, அதை நான் கிளப்பவில்லை. தராசம்மா லீவு எழுதிக் கொடுத்துவிட்டார். ஒரு நாள், இரண்டு நாள் இல்லை. ஒண்ணாந்தேதி வரை இருபத்திரண்டு நாள். காய்ச்சலில்கூட ஆபீஸ் போனவர். என்ன உடம்புக்கு என்று காய்கறிக்காரர் என்னிடம் ரகசியமாக விசாரித்தார். முதுகு வலி என்று சொல்லி வைத்திருக்கிறேன், அவரும் நம்பிவிட்டார்.

தட்டு மாட்டினால் நாற்காலி மேசையோடு ஒட்ட வரவில்லை, ஒரு முழம் தள்ளி நின்றது. முதல் நாளே அவர் தட்டைக் கழற்றி அலமாரி மேல் வைத்துவிட்டார். குழந்தையின் நெஞ்சு மேசை விளிம்புக்குச் சரியாக வர, என்னிடம் ஒரு குஷன் கேட்டு வாங்கினார். நாலு சென்டிமீட்டர் தடிமன், கூட வேண்டாம், குறைய வேண்டாம்.

தம்பியும் பெண்டாட்டியும் வேலைக்குப் போனதும் பகல் பன்னிரண்டரைக்கு அந்த ஆறு பேர் மேசையில் இரண்டு பேர் உட்காருகிறார்கள். எனக்கும் அந்த நேரத்தில்தான் வாசல் ஓரத்துத் தையல் வேலைகள் சேர்ந்துகொள்கின்றன. மருமகன் மேசையை இரண்டு கையாலும் தட்டுகிறான். கேரட் அவன் புருவம் வரை போகிறது. அத்தை அவன் எதிரே தன் தட்டையும் வைத்துக்கொண்டு ஒரு வாய் தானும், ஒரு வாய் அவனுக்குமாகச் சாப்பிடுகிறார். ஊட்டும்போது அவருடைய வாயும் சேர்ந்து திறக்கிறது, அது அவருக்குத் தெரியாது.

இன்றைக்குப் பதிமூன்றாவது நாள். கிண்ணத்தில் கொஞ்சம்தான் மிச்சம். பையன் முகத்தைத் திருப்பிக்கொண்டான், உதட்டை இறுக்கி மூடிவிட்டான். வயிறு நிறைந்துவிட்டது, இங்கிருந்து எனக்கே தெரிகிறது. அளவில் அணுவும் பிசகாத அந்த அம்மாவுக்குத் தெரியாதா?

"இன்னும் ஒரு வாய், மருமகனே," என்கிறார், கரண்டியை இறக்காமல். "ஒரே ஒரு வாய்."