பதினாலாம் நம்பர் கொக்கி

ராயபுரம் ஐஸ் பேக்டரி வாசலில் முப்பத்தோரு வருஷமாக உட்கார்ந்திருக்கும் ஸ்டானிஸ்லாஸிடம் என்ன வேலை என்று கேட்டால், “ஒண்ண வாங்கிகினு இன்னொண்ணக் குடுக்கறது” என்பார். உண்மையும் அவ்வளவுதான். அவர் முதுகுக்குப் பின்னால் ஒரு பலகை. அதில் நாற்பது ஆணி. ஆணிக்கு ஒரு இரும்புக் கொக்கி, பிடியில் நம்பர் அடித்தது. ஐஸ் பாரை இழுக்க வருகிறவன் தன் நம்பர் போட்ட பித்தளை டோக்கனைக் கொடுத்தால் கொக்கி கிடைக்கும். டோக்கன் ஆணியில் தொங்கும். வேலை முடிந்து கொக்கியைத் திருப்பிக் கொடுத்தால் டோக்கன் கைக்கு வரும். இரண்டில் ஒன்றுதான் ஒருவன் கையில் இருக்க முடியும். கூழுக்கும் ஆசை மீசைக்கும் ஆசை என்பதெல்லாம் அந்த வாசலில் செல்லாது. ஆட்கள் கொக்கியோடு கள்ளுக்கடைக்குப் போய் மண்டையைப் பிளந்துகொண்ட காலத்தில் பழைய முதலாளி வைத்த ஏற்பாடு அது. முதலாளியின் மைத்துனனே ஒரு முறை டோக்கன் இல்லாமல் வந்து, வெறுங்கையோடு திரும்பியிருக்கிறான்.

பதினாலாம் நம்பர் ஒவைஸுடையது. நாலு வருஷமாக நைட் ஷிப்ட். வங்காளத்தில் மால்டா பக்கம் ஊர் என்பான். அவன் ஆதார் கார்டும் அப்படித்தான் சொன்னது. தமிழை ராயபுரத்தில் கற்றதால் அவன் பேச்சில் இலக்கணம் கிடையாது, மரியாதை உண்டு. அந்தச் செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்குக் கொக்கியைக் கொடுத்து டோக்கனை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். “வர்ட்டா நைனா” என்று சொல்லிவிட்டு எர்ணாவூருக்கு பஸ் ஏறப் போனான். அங்கேதான் ஆறு பேரோடு ஓர் அறையில் தங்கியிருந்தான்.

பத்து மணிக்கு வாசலில் ஜீப் வந்து நின்றது. சப்-இன்ஸ்பெக்டர் குணசேகரனும் ஒரு கான்ஸ்டபிளும் இறங்கினார்கள். அனுமதி இல்லாமல் தங்கியிருக்கும் வெளிநாட்டுக்காரர்களைப் பிடிக்க ஒரு தனிப்படை போட்டு, பத்து நாளாக எர்ணாவூரைச் சல்லடை போட்டுச் சலித்துக்கொண்டிருந்தார்கள். வங்காளம் பேசினாலே ஜீப்பில் ஏற வேண்டியதுதான்.

“ஒவைஸ்னு ஒருத்தன் இங்க வேல செய்யறானா?”

பையனைப் பிடித்து வைத்துக்கொண்டு விசாரிக்க வந்திருக்கிறார்கள் என்று ஸ்டானிஸ்லாஸ் நினைத்தார். நல்ல வார்த்தை நாலு சொன்னால் விட்டுவிடுவார்கள் என்றும் நினைத்தார்.

“நாலு வருசமா கீறான் சார். ஒரு பேஜாரு கெடையாது. தங்கமான புள்ள.” சொன்னதோடு விட்டிருக்கலாம். சாட்சி வேண்டுமே என்று பதினாலாம் ஆணியிலிருந்து கொக்கியை எடுத்து நீட்டினார். “தோ பாருங்க, இது அவன் கொக்கிதான். நம்பரு போட்டு கீது பாருங்க.”

குணசேகரன் அதைக் கையில் வாங்கி, கனம் பார்த்தார். “இத எடுத்துட்டுப் போறேன். சாயங்காலம் குடுத்தனுப்பறேன்” என்றார். ஜீப் போய்விட்டது. பதினாலாம் ஆணியில் கொக்கியும் இல்லை, டோக்கனும் இல்லை.

அப்போது ஒவைஸ் செத்து ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. எர்ணாவூரில் கால்வாய்க் கரை ஓரமாக, காலை எட்டே முக்காலுக்கு, இரண்டு குண்டு. சாயங்காலம் டீக்கடை டிவியில்தான் ஸ்டானிஸ்லாஸ் அதைப் பார்த்தார். பிடிக்கப் போனபோது ஐஸ் கொக்கியால் தாக்க வந்தானாம். தற்காப்புக்காகச் சுட வேண்டி வந்ததாம். கொக்கியின் படத்தையும் காட்டினார்கள். பிடியில் 14.

கையிலிருந்த டீயைக் கீழே ஊற்றினார். ஒருவன் நல்லவன் என்று காட்ட எடுத்துக் கொடுத்த பொருளை வைத்தே அவனைக் கொல்ல வந்தவனாக்கிவிட்டார்கள். தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற கதைதான், ஆனால் இங்கே பிடிக்க வாலும் இல்லை. வெட்கமும் பயமுமாக அன்றைக்குச் சாப்பிடவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் சாமியாரிடம் செய்யும் பாவசங்கீர்த்தனத்தில் கூட அவர் இதைச் சொல்லவில்லை.

போலீஸ் சுட்டு ஆள் செத்தால் ஆர்.டி.ஓ. விசாரணை உண்டு. ஸ்டானிஸ்லாஸுக்கும் சம்மன் வந்தது. நடந்ததைக் கேட்ட மேனேஜர் லியாகத் அலி கதவைச் சாத்திவிட்டுப் பேசினார். கெட்டவர் இல்லை. பயந்தவர்.

“கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லு மாமு. கொக்கி நம்மளுதா? நம்மளுது. நம்பரு பதினாலா? ஆமா. அத்தோட வாய மூடிக்கோ. நீ பொய்யும் சொல்லல, பேக்டரிக்கும் சீல் வைக்க மாட்டான்.”

வீட்டில் மனைவி ஃப்ளோரா இன்னும் சுருக்கமாகச் சொன்னாள். மகள் ஜானட் நர்ஸ். குவைத் ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை கிடைத்திருந்தது. பாஸ்போர்ட்டுக்கு போலீஸ் வெரிபிகேஷன் மட்டும் பாக்கி, அதுவும் குணசேகரன் இருக்கிற அதே ஸ்டேஷனில்.

“செத்தவன் திரும்பி வரப் போறதில்ல. போறவ நல்லபடியா போவட்டும்யா.”

அவருக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

விசாரணை நாளன்று டோல்கேட்டில் பஸ் இறங்கி ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு நடந்தார். வராந்தாவில் குணசேகரன் நின்றிருந்தார். “வா பெரியவரே. உம் பொண்ணு பைல் நம்ம டேபிள் மேலதான் கீது” என்று சிரித்தார். உடம்பு சௌக்கியமா என்று கேட்பது போல அவ்வளவு பிரியமாகச் சொன்னார்.

ஆர்.டி.ஓ. மகிழினிக்கு முப்பது முப்பத்திரண்டு வயதிருக்கும். பைலிலிருந்து தலையைத் தூக்காமல் கேள்வி கேட்டார். செத்தவன் எந்த நாட்டுக்காரன், கார்டு அசலா போலியா என்பதற்கே இரண்டு வாய்தா போயிருந்தது. சுட்டவர் எவ்வளவு தூரத்தில் நின்றார் என்ற கேள்விக்கு இன்னும் முறை வரவில்லை.

மேஜை மேல் மூன்று பிளாஸ்டிக் உறை. கிளார்க் பட்டியலைப் படித்தார்: “இறந்தவரின் கால்சட்டைப் பையில் இருந்த செல்போன் ஒன்று. சட்டைப் பையில் இருந்த பித்தளை டோக்கன் ஒன்று, எண் பதினான்கு. வலது கையில் இருந்த இரும்புக் கொக்கி ஒன்று, எண் பதினான்கு.” நம்பருக்கு நம்பர் பொருந்தியதில் அந்தப் பட்டியலை எழுதியவருக்குப் பெருமையாகக் கூட இருந்திருக்கும்.

“கொக்கி உங்க பேக்டரியோடதுதானா?”

“ஆமாம்மா.”

“டோக்கன்?”

“அதுவும் எங்களுதுதான்.”

“சரி, கையெழுத்துப் போடுங்க.”

பேனாவைக் கொடுத்தார்கள். வாங்கினார். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லியாயிற்று. லியாகத் அலி சொன்னபடியே எல்லாம் முடிந்தது. ஆனால் கண் அந்த உறைகளை விட்டு வரவில்லை. முப்பத்தோரு வருஷத்தில் ஒரு நாளும் அவர் அந்த இரண்டையும் ஒரே பக்கத்தில் பார்த்ததில்லை. வராந்தாவில் குணசேகரன் சிரித்த சிரிப்பு நினைவுக்கு வந்தது. ஜானட்டும் வந்தாள். குவைத்தில் அவளும் ஏதோ ஒரு வாசலில் கார்டைக் காட்டிக்கொண்டு நிற்பாள். அவள் நல்லவள் என்று சொல்ல அந்த வாசலில் ஒருத்தன் இருக்க வேண்டும். பேனாவைக் கீழே வைத்தார்.

“அம்மா, இது ரெண்டும் ஒரே ஆள்கிட்ட இருக்காது.”

ஆணி, டோக்கன், கொக்கி எல்லாவற்றையும் சொன்னார். தினம் செய்கிற வேலையைச் சொல்ல யாருக்குத்தான் நாக்கு குழறும்? “அவன் பையில டோக்கன் இருந்துச்சுன்னா கொக்கி எம் பலகையில தொங்கினு இருந்துச்சுன்னு அர்த்தம்.”

“டூப்ளிகேட் டோக்கன் வச்சிருப்பான் மேடம்” என்றார், பின்னாலேயே உள்ளே வந்து நின்றிருந்த குணசேகரன்.

“டூப்ளிகேட்டே கெடையாது சார். தொலைச்சா வேற நம்பருதான்.”

மகிழினி முதல் முறையாகத் தலை நிமிர்ந்தார். “அப்ப இந்தக் கொக்கி எப்படி வெளிய வந்துச்சு?”

“நாந்தாம்மா குடுத்தேன். அன்னிக்குப் பத்து மணிக்கு. தோ, இவராண்ட.”

மகிழினி பைலைப் புரட்டினார். சுட்ட நேரம் எட்டு நாற்பத்தைந்து என்று எழுதியிருந்த பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டார். குணசேகரன் ஏதோ சொல்ல வந்தார். மகிழினி கையைக் காட்டி நிறுத்தினார்.

“குடுத்ததுக்கு அத்தாட்சி இருக்கா? பதிலுக்கு எதாவது வாங்கினீங்களா?”

ஸ்டானிஸ்லாஸ் தலையைக் குனிந்துகொண்டார். “இல்லம்மா. பார் இழுக்கறவன், மொதலாளி மச்சான், எல்லாராண்டயும் கேட்டேன். இவராண்ட மட்டும் கேக்கல.”

“ஏன்?”

“போலீஸாச்சேன்னு வுட்டுட்டேன்.”

டைப் அடித்தார்கள். படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

ஜானட்டின் பைல் நகரவில்லை. குவைத் வேலை வேறொருத்திக்குப் போனது. ஃப்ளோரா மூன்று நாள் அவரோடு பேசவில்லை. நாலாம் நாள் பேசியதை எழுத முடியாது. ஜானட் மட்டும், “வுடுப்பா” என்றாள். விசாரணை அறிக்கை மேலே போயிருக்கிறது என்கிறார்கள். மேலே என்றால் எதுவரைக்கும் என்று யாருக்கும் தெரியவில்லை.

சாட்சி சொல்லிப் பத்து நாள் கழித்து, அன்றைக்கு ஜீப்பில் வந்த அதே கான்ஸ்டபிள் தனியாக வந்தான். நைட் ஷிப்ட் வருகை நோட்டை ஆர்.டி.ஓ. கேட்கிறாராம், கொண்டுபோய்க் காட்டிவிட்டுத் தருகிறானாம். ஸ்டானிஸ்லாஸ் நோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு கையை நீட்டினார்.

“இன்னா?” என்றான்.

“எதனா ஒண்ணு குடுத்துட்டு எடுத்துக்கினு போ.”

அவன் சிரித்தான். ஸ்டானிஸ்லாஸின் கை நீட்டியபடியே இருந்தது. நாலு ஆள் பாரை இழுப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். கடைசியில் அவன் ஒரு தாள் வாங்கி, பெயர், போலீஸ் நம்பர், தேதி, நேரம் எழுதிக் கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான்.

ஸ்டானிஸ்லாஸ் அதை ஒரு முறை படித்தார். பிறகு பதினாலாம் ஆணியில் குத்தி மாட்டிவிட்டு நோட்டைக் கொடுத்தார்.